முழங்காலா, கணுக்காலா? மரக்காணம் உப்பளத்தில் வலசைப் பறவை பார்த்தல்

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மரக்காணத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். வெள்ளை உப்புக் குவியல்கள், கீற்று போட்டு மூடிய அம்பாரங்கள், நடுநடுவே தண்ணீர் மினுங்கும் பாத்திகள் என்று எல்லாமே ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் அதே இடத்தில் இறங்கி வரப்போரம் நின்றால், ஆர்க்டிக் தூந்திரப் பகுதியில் கோடையைக் கழித்துவிட்டு வந்த பறவை உங்களுக்கு ஐம்பதடி தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். கையில் ஒரு இருநோக்கியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருப்பவருக்காக இந்த அத்தியாயம்.

இங்கே சொல்லப்போவதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்: பறவையைத் தேடும் முன் தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள். உப்பளத்தில் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை அதன் காலின் நீளமே முடிவு செய்கிறது.

எப்போது போவது

நம் ஊரில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், பின் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

ஆகஸ்ட் பிற்பாதியிலேயே முதல் அணி வந்துவிடும். இவை வளர்ந்த பறவைகள். இனப்பெருக்கக் காலத்துச் செந்நிறம் மார்பிலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். வளைமூக்கு உள்ளானை அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டை விட்டுவிடாதீர்கள். பிறகு அது சாம்பலும் வெள்ளையுமாகி, மற்ற உள்ளான்களோடு கலந்து உங்களைக் குழப்பும். செப்டம்பர், அக்டோபரில் அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள் வந்து சேரும். அவற்றின் முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர்விளிம்பு இருப்பதால் முதுகு மீன் செதில்போல் தெரியும்.

அக்டோபர் கடைசியில் மழை இறங்கியதும் காட்சி மாறிவிடும். பாத்திகள் நிரம்பும், உப்பு கரையும், ஆழம் கூடும். குட்டைக்கால் உள்ளான்களுக்கு அங்கே நிற்க இடமிருக்காது. அதன்பின் பார்க்க வேண்டியது பக்கத்திலுள்ள கழுவெளி ஏரியை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, பூநாரை ஆகியவற்றுக்கு அந்த மாதங்களே தோது.

ஆகவே உள்ளான்களுக்கு ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. வாத்துகளுக்கு நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று அக்டோபர் 31-க்குத் திட்டம் போடுகிறவர்கள் இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துத் திரும்புவதுதான் வழக்கம்.

பாத்திகளை வாசிக்கும் விதம்

கோட்பாடு இவ்வளவு தெரிந்தால் போதும்: உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைப்பார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் 3 முதல் 3.5 டிகிரி வரை இருக்கும். அது 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். இந்த வரிசையில் பறவைக்கான இரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

முதற்கட்டப் பாத்திகளில் தண்ணீர் கடல்நீர் போலவே இருக்கும். சிறு மீன், புழு, பூச்சிகளின் இளம்புழு எல்லாம் உண்டு. ஆலா, கொக்கு, பச்சைக்காலி இங்கே நிற்கும். நடுக்கட்டப் பாத்திகளில் மீன் தாக்குப்பிடிக்காது. உப்புநீரில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலும் உப்பு ஈக்களும் பெருகும். உள்ளான் கூட்டங்களுக்கு விருந்து நடப்பது இங்கேதான். கடைசிக்கட்டத்தில், நீளக் கம்பில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக்கொண்டிருக்கும் பளிச்சென்ற வெள்ளைப் பாத்திகளில், அநேகமாக ஒன்றும் இருக்காது. புதிதாக வருபவர்கள் படம் பிடிக்கப் போய் நிற்பது அந்த வெள்ளைப் பாத்தியில்தான்!

இனி ஆழம். மீட்டர் வேண்டாம், விரற்கடைக் கணக்கு போதும்.

- தண்ணீரே இல்லாத ஈரமண்: உப்புக்கொத்திகள். கொஞ்சம் ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண்களால் இரை தேடும் பறவைகள் என்பதால் இந்த நடை.
- ஒரு விரற்கடை: கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவு, கறுப்புக் கால். தையல் மிஷின் ஊசி இறங்குவதுபோல் ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும்.
- இரண்டு, மூன்று விரற்கடை: வளைமூக்கு உள்ளான். பல நேரம் வயிறு தண்ணீரைத் தொடுமளவு இறங்கி நிற்கும்.
- மூன்று, நான்கு விரற்கடை: பவளக்காலி, பச்சைக்காலி, சதுப்பு உள்ளான்.
- அதற்கு மேல், ஏறக்குறைய ஒரு சாண் வரை: கருவால் மூக்கன், நெடுங்கால் உள்ளான். அதிர்ஷ்டமிருந்தால் மேல்நோக்கி வளைந்த அலகோடு கோணமூக்கு உள்ளான். இது நீந்தவும் செய்யும்.

ஒரு பாத்தியில் நெடுங்கால் உள்ளானின் கால் மூட்டு வரை தண்ணீர் நின்றால், அங்கே கொசு உள்ளானைத் தேடுவது வீண். பக்கத்துப் பாத்தியின் ஓரத்தைப் பாருங்கள். முழங்கால் என்று நாம் சொல்லும் அந்த மூட்டு உண்மையில் பறவையின் கணுக்கால். ஆனால் வரப்பில் நின்றுகொண்டு உடற்கூற்றியல் பேசினால் பறவை பறந்துவிடும்.

எடுத்துப்போக வேண்டியவை

இருநோக்கி 8×42 போதும். 10×42 தூரத்துக்கு உதவும், ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லையென்று முதல் பருவத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கணுக்காலை மூடும் காலணி, சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், வியர்வையில் எழுத்து கரையும். புத்தகத்துக்கு ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தொடக்கத்துக்கு ஏற்றது. செயலியில் மெர்லின் உதவும். அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பளிச்சென்ற நிறச் சட்டையைத் தவிருங்கள், வெள்ளையும் கூடாது. உப்பளத்தில் நிழல் கிடையாது, கழிவறையும் கிடையாது. மரக்காணம் கடைத்தெருவிலேயே டீயையும் மற்றதையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஒரு காலைப்பொழுது: படிப்படியாக

1. முந்தைய நாள் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். பலத்த மழை, இடி என்றிருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள்.

2. சூரியன் எழும்போது இடத்தில் இருங்கள். சென்னை–புதுச்சேரி ஈ.சி.ஆர். பேருந்துகள் மரக்காணத்தில் நிற்கும். ரயிலில் வருபவர்களுக்குத் திண்டிவனம் நிலையம், அங்கிருந்து சுமார் 35 கி.மீ. சாலை. சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் தாமதமாகும். முந்தைய இரவே புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ தங்குவது மேல்.

3. வெயிலை முதுகில் வாங்குங்கள். சாலை ஏறத்தாழ வடக்கு-தெற்காக ஓடுவதால் காலையில் மேற்கே உள்ள பாத்திகளையும் மாலையில் கிழக்கே உள்ளவற்றையும் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

4. அனுமதி கேளுங்கள். பாத்தி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. வரப்பு நடைபாதையல்ல, மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திக் கட்டியது. விடியும் முன்பே வேலைக்கு இறங்கியவர்கள் அங்கே இருப்பார்கள்.

"அக்கா, பறவை பார்க்க வந்தோம். இந்த வரப்புல நடக்கலாமா?"

"அந்தாண்ட வேணாம் தம்பி, நேத்துதான் மண்ணு வெச்சோம், எளகிடும். இப்படிப் பெரிய கரையில போங்க."

இந்த இரண்டு வரிப் பேச்சில் அனுமதியும் கிடைத்தது, எங்கே கால் புதையும் என்பதும் தெரிந்தது. எந்தப் பாத்தியில் நேற்று கூட்டம் இறங்கியது என்றும் கேட்டு வையுங்கள். நாள் முழுக்க அங்கேயே நிற்பவர்களுக்குத் தெரியாததா? வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

5. ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள், முடிந்தால் குந்தி உட்காருங்கள். முதலில் ஆட்காட்டி கத்தித் தீர்க்கும். அது அடங்கிய பிறகுதான் மற்றவை மேய்ச்சலுக்குத் திரும்பும். நடந்துகொண்டே பார்ப்பவர் பறவைகளின் முதுகை மட்டுமே பார்ப்பார்.

6. இடமிருந்து வலமாக, பாத்தி பாத்தியாக வெறும் கண்ணால் ஒருமுறை, இருநோக்கியால் ஒருமுறை. இந்தச் சுற்றில் பெயர் வேண்டாம். ஆழத்தையும் கூட்டத்தின் அளவையும் மட்டும் குறியுங்கள்.

7. ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். குருவி, மைனா, காகம் மூன்றில் எதன் அளவு? அலகு தலையைவிட நீளமா? நேரா, மேலே வளைந்ததா, கீழே வளைந்ததா? கால் என்ன நிறம்? கொத்துகிறதா, துழாவுகிறதா? இந்த வரிசையிலேயே எழுதுங்கள். நிறத்தைக் கடைசியில் வையுங்கள்.

8. அது பறக்கும் வரை காத்திருங்கள், நீங்கள் விரட்டாதீர்கள். இறக்கை விரியும் அந்த இரண்டு விநாடிதான் பல சிக்கல்களைத் தீர்க்கும். பவளக்காலிக்கு இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை. பச்சைக்காலிக்கு முதுகில் மேலேறும் வெள்ளைக் கூம்பு. கருவால் மூக்கனுக்கு வெள்ளை இறக்கைக்கோடும் கறுப்பு வால்நுனியும்.

9. எழுதி முடித்த பிறகே புத்தகத்தைத் திறங்கள்.

10. ஒன்பதரைக்குள் கிளம்பிவிடுங்கள். அதற்குப் பிறகு வெப்பத்தில் காற்று நெளியத் தொடங்கும். தொலைநோக்கியில் பறவைக்குப் பதில் நடுங்கும் கோடுதான் தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் நடுக்கமும் கூடும்.

குறிப்பு: கூட்டம் மொத்தமாக எழும்பினால் உடனே அண்ணாந்து பாருங்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை எழுப்பியவரைத் தவறவிடுவீர்கள். உயரத்திலிருந்து பாயும் பைரியாக இருக்கலாம், அல்லது தாழ்வாக, இறக்கைகளை வி வடிவில் தூக்கிச் சாய்ந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்தாக இருக்கலாம்.

தொடக்கக்காரர் தடுக்கி விழும் இடங்கள்

*கால் நிறத்தை நம்பிப் பெயர் வைப்பது.* சேறு அப்பினால் பவளக்காலியின் கால் பழுப்பாகிவிடும். இளம் பவளக்காலிக்குக் கால் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவே இருக்கும். பேதை உள்ளானோ பச்சையிலிருந்து ஆரஞ்சு வரை பல நிறக் கால்களோடு வரும். அதிலும் ஆண் பெரியது, பெண் மிகச் சிறியது. முதல் பருவத்தில் பேதை உள்ளானிடம் தோற்காதவர் குறைவு. சின்னத் தலை, நீண்ட கழுத்து, தொப்பை விழுந்த வயிறு என்ற உடல்வாகைப் பிடித்துக்கொண்டால் ஏமாற்றாது.

*பச்சைக்காலியையும் சதுப்பு உள்ளானையும் ஒன்றாக்குவது.* தனியாக நின்றால் இரண்டும் ஒரே சாடை. அலகைப் பாருங்கள். பச்சைக்காலிக்கு அடி தடித்து, நுனி சற்றே மேல்நோக்கியிருக்கும். சதுப்பு உள்ளானுக்கு ஊசிபோல் மெல்லிய நேர் அலகு, உடலும் ஒல்லி. பறக்கும்போது பச்சைக்காலி உரக்க மும்முறை கூவும்.

*கெண்டிஷ் உப்புக்கொத்தி என்று அவசரப்படுவது.* கழுத்துப் பட்டை நடுவில் அறுந்த சிறிய உப்புக்கொத்திகளை எல்லாம் நீண்ட காலம் அந்தப் பெயரிலேயே எழுதிவந்தோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி இனப்பெருக்கம் செய்பவை மரபணு அளவில் வேறானவை என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்போது அவற்றை அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள். வலசைக் காலத்தில் இரண்டும் ஒரே பாத்தியில் நிற்கக்கூடும். உறுதியில்லாத இடத்தில் 'கெண்டிஷ் அல்லது அனுமன்' என்று எழுதுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

*பறக்கும் படத்துக்காகக் கைதட்டுவது, கல்லெறிவது.* என் பார்வையில் இது தவறு என்பதைவிடக் குற்றத்துக்குப் பக்கத்தில் வரும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவை இங்கே இழந்த கொழுப்பைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அவற்றில் சில இலங்கைக்கோ அதற்கு அப்பாலோ இன்னும் போக வேண்டியவை. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம். வளைமூக்கு உள்ளானை ஐ.யு.சி.என். 2024-இல் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பாதுகாப்பு

*தரை.* மேலே உப்புப் பொருக்கு காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் முழங்கால் ஆழக் களி இருக்கலாம். பாத்திக்குள் எக்காரணத்துக்கும் இறங்காதீர்கள். கால் புதைந்தால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். பின்பக்கம் உட்கார்ந்து, எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி எடுங்கள். வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் போகக்கூடாது. சின்னக் கீறலிலும் உப்புநீர் பட்டால் நாளெல்லாம் எரியும்.

*கண்.* கீழேயிருந்து எதிரொளிக்கும் வெயிலைத் தொப்பி தடுக்காது. குளிர்கண்ணாடி கட்டாயம். இருநோக்கியைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். குழந்தைகளோடு போனால் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

*இடி.* செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் மேற்கே கறுத்தால் காத்திருக்க வேண்டாம். அந்தச் சமவெளியில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் முக்காலியும்தான். முதல் உறுமல் கேட்டதுமே வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள்.

*புயல்.* 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டிக் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மரக்காணம் வட்டாரம் வெள்ளத்தில் தத்தளித்தது. எச்சரிக்கைக் கூண்டு ஏறிய வாரத்தில், புயலில் ஒதுங்கும் அபூர்வக் கடற்பறவை கிடைக்குமென்ற ஆசையில் கரைக்குப் போகாதீர்கள்.

*பாம்பு.* வரப்புப் புதரில் விரியன் இருக்கலாம். பார்க்காமல் கை ஊன்றாதீர்கள், உட்காரும் முன் இடத்தைப் பாருங்கள்.

*சாலை.* எனக்கு மேற்சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் பயம். ஈ.சி.ஆரில் வண்டிகள் வரும் வேகம் தெரியாததல்ல. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நன்றாகத் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். முக்காலியைத் தாரில் வைக்காதீர்கள். கண்ணில் இருநோக்கியை வைத்துக்கொண்டு ஓரடிகூட நடக்காதீர்கள்.

*செத்த பறவை.* வெறுங்கையால் தொட வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்டவை கிடந்தால் இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வலையோ கண்ணியோ கண்டாலும் அப்படியே. வைத்தவரோடு வாக்குவாதம் செய்யாமல் தள்ளிப்போய்த் தொலைபேசியில் சொல்லுங்கள். திண்டிவனம் வனச்சரக அலுவலக எண்ணைப் புறப்படும் முன்பே சேமித்துக்கொள்வது நல்லது.

மழைக்குப் பிறகு: கழுவெளி

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பைக் கழுவெளிப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சர் தலமாயிற்று. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. மரக்காணம் அருகே கழிமுகம் வழியாகக் கடலோடு சேர்கிறது. புரட்டாசியில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் என்பதால் உப்பளத்தோடு சேர்த்து இதையும் ஒரே காலையில் முடிக்க முயல வேண்டாம். கார்த்திகையில் தனியாக வாருங்கள். சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகக்கூடாது, ட்ரோன் பறக்கவிடவும் கூடாது.

பதிவு செய்வது

இ-பேர்ட் தளத்தில் பட்டியலை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். நேரம், நடந்த தூரம், எண்ணிக்கை மூன்றும் வேண்டும். எண்ண முடியாத கூட்டத்துக்குப் பத்துப் பறவையை எண்ணி, அந்த அளவு இடம் எத்தனை முறை வருகிறது என்று பெருக்குங்கள். 'நிறைய' என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது.

காலில் நிறக்கொடியோ வளையமோ மாட்டிய பறவை கண்ணில் பட்டால் மற்றதை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, கொடிகள் எந்த நிற வரிசையில், எழுத்து இருந்தால் என்ன எழுத்து. மங்கலான படமானாலும் எடுங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டுவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அந்த விவரத்தை அனுப்பினால், அது எங்கே மாட்டிய வளையம் என்று அறிய வாய்ப்புண்டு.

வீடு திரும்பியதும்

உப்புக் காற்று கருவிகளைத் தின்றுவிடும். லென்ஸைக் காய்ந்த துணியால் உடனே துடைக்காதீர்கள், அதில் ஒட்டிய உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணி. கடைசியாகத்தான் உலர்ந்த துணி. முக்காலியின் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே மடக்குங்கள். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் சங்கிலியைக் கழுவி எண்ணெய் விட மறக்க வேண்டாம்.